பி.காமா, பி.பி.ஏ-வா, பி.சி.ஏ-வா, பி.எஸ்சி கணினியா? நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஜூன் பாதிவரை பாளையங்கோட்டைக் கல்லூரி வாசல்களில் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கோர்ஸ் எடுத்தால் வேலை கிடைக்கும்? எந்தத் துறையில் போய்க் கேட்டாலும் "எங்க கோர்ஸ்தான்" என்றே பதில் வரும் என்பதால், இதைக் கேட்டுப் பெரிய பயன் இல்லை. வேறு மாதிரிக் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பட்டத்தை வாங்கிய பிறகு எதற்கெல்லாம் விண்ணப்பிக்க முடியாமல் போகும்? அவற்றில் நம் வீட்டுப் பிள்ளைக்குப் பின்னால் தேவைப்படக்கூடியது எது? பி.காம், பி.பி.ஏ, பி.சி.ஏ, பி.எஸ்சி கணினி அறிவியல், வணிகவியலையும் கணினியையும் கலந்த பி.காம் கணினிப் பயன்பாடு என்ற ஐந்துக்கும் இடையே உள்ள வேறுபாடு அங்கேதான் வெளிப்படும்.

முதலில் வேறுபாடே இல்லாத விஷயங்களைச் சொல்லி முடித்துவிடலாம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள், அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தூய சவேரியார், சதக்கத்துல்லா அப்பா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளைத் தாங்களே எடுத்து முடிவையும் தாங்களே வெளியிடும். பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். ஐந்து படிப்புமே மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழ், ஆங்கிலம் எல்லாவற்றிலும் உண்டு. 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பாடமும் எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

அதேபோல், "ஏதாவது ஒரு பட்டம்" கேட்கிற தேர்வுகளுக்கு ஐந்தும் சமம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 1, குரூப் 2, வங்கிகளின் கிளார்க், பி.ஓ (அதிகாரிப் பணி) தேர்வு, எம்.பி.ஏ-வுக்கான டான்செட் நுழைவுத் தேர்வு எல்லாம் இந்த வகை. பிள்ளையின் குறி இவற்றில் ஒன்று மட்டும்தான் என்றால் கோர்ஸ் பெயரைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம். அரியர் விழாமல் முடிக்கக்கூடியதையும், படிக்க நேரம் மிச்சம் வைப்பதையும் எடுத்தால் போதும்.

ஒரு விதிவிலக்கு. டி.என்.பி.எஸ்.சி-யில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பட்டம் கேட்கிற பதவிகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருடமும் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலவழிக் கோர்ஸில் சேர்ந்தால் அந்த ஒதுக்கீடு அன்றோடு போயிற்று. தேர்வை மட்டும் தமிழில் எழுதுவது கணக்கில் வராது. கோர்ஸே தமிழ்வழி என்று பதிவாகியிருக்க வேண்டும். அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் வணிகவியலுக்குத் தமிழ்வழிப் பிரிவு கிடைக்கும். கணினிப் படிப்புகள் நடைமுறையில் ஆங்கிலவழிதான். குரூப் 2-தான் இலக்கு என்று உறுதியாக இருக்கிற தமிழ்வழிப் பிள்ளை, இதை யோசிக்காமல் பி.சி.ஏ-வில் போய்ச் சேர்வது கையில் இருப்பதை விட்டெறிவதுதான்.

பி.சி.ஏ-வும் பி.எஸ்சி கணினி அறிவியலும்

இரண்டின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர், சி பிளஸ் பிளஸ் அல்லது ஜாவா, டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட். முதன்மைத் தாள்களில் முக்கால் பங்கு ஒன்றேதான். பல கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புக்கும் போய் அதே பாடத்தை நடத்துவார். ஐ.டி கம்பெனிக்காரர்களும் நேர்முகத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியானால் எதில் வித்தியாசம்?

முதல் வித்தியாசம் துணைப்பாடம். பி.எஸ்சி-யில் பெரும்பாலும் கணிதம் துணைப்பாடமாக ஒரு வருடமாவது வரும். பி.சி.ஏ-வில் சில கல்லூரிகள் கணிதம் வைக்கும். சில புள்ளியியல் வைக்கும். சில கணக்குப்பதிவியலோ எண்முறை மின்னணுவியலோ வைக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும், பின்னால் இரண்டு இடத்தில் இடிக்கும். எம்.சி.ஏ சேர, பிளஸ் டூ அளவிலோ பட்ட அளவிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் குரூப் எடுத்த பிள்ளைக்குப் பள்ளியில் கணிதம் கிடையாது. அவர் சேரும் பி.சி.ஏ-விலும் கணிதம் என்ற பெயரில் ஒரு தாள் இல்லையென்றால், மூன்று வருடம் கணினியே படித்தும் எம்.சி.ஏ கவுன்சலிங்கில் தகுதிச் சிக்கல் வரலாம். சில பெரிய ஐ.டி நிறுவனங்கள் பி.சி.ஏ, பி.எஸ்சி பிள்ளைகளை எடுத்து வேலையோடு எம்.டெக் படிக்க வைக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. விப்ரோவின் அந்த வகை அறிவிப்பில், பட்டப்படிப்பில் முதன்மைக் கணிதம் ஒரு தாளாக இருக்கவேண்டும், வணிகக் கணிதம் ஏற்கப்படாது என்று போட்டதுண்டு. ஆகவே சேருவதற்கு முன் கல்லூரி இணையதளத்தில் அந்த வருடத்துப் பாடத்திட்டத்தை இறக்கி, முதல் நான்கு செமஸ்டரின் துணைப்பாடப் பெயர்களை மட்டும் பாருங்கள். 'கணிதம்' என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் நல்லது. 'வணிகக் கணிதம்' என்று இருந்தால் அரைக்கிணறு தாண்டிய கதை.

இரண்டாவது, பொறியியலுக்கு மாறும் வழி. பிளஸ் டூவில் கணிதம் படித்து, பி.எஸ்சி முடித்தவர்கள் பி.இ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அந்த விதியில் பட்டத்தின் பெயர் பி.எஸ்சி என்றுதான் இருக்கிறது. பி.சி.ஏ-காரருக்கு இந்த வழி இல்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால் மிகச் சிலர்தான். ஆனாலும் பிளஸ் டூவில் கணிதம் எடுத்து, மதிப்பெண் குறைந்ததால் பொறியியல் தவறிப்போன பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது, 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.சி.ஏ-வும் பி.பி.ஏ-வும் ஏ.ஐ.சி.டி.இ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலின் கீழ் வந்துவிட்டன. பி.எஸ்சி-யும் பி.காமும் வரவில்லை. பி.சி.ஏ நடத்தும் கல்லூரியிடம் நடப்பாண்டுக்கான ஒப்புதல் கடிதத்தைக் கேட்கலாம், ஏ.ஐ.சி.டி.இ இணையதளத்திலும் கல்லூரிப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால் கட்டாயம் பாருங்கள்.

ஆக, இரண்டும் ஒரே கட்டணத்தில் கிடைக்குமானால் பி.எஸ்சி-யை எடுங்கள். பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களுக்குப் பல கல்லூரிகளில் பி.எஸ்சி கிடைக்காது, அவர்களுக்குக் கணிதத் தாள் உள்ள பி.சி.ஏ நல்ல மாற்று. பி.எஸ்சி செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப் பெயர்கள் வந்திருக்கின்றனவே என்று கேட்பார்கள். பெயருக்கு ஏற்ற ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. புள்ளியியலும் லீனியர் அல்ஜிப்ராவும் நடத்தாத டேட்டா சயின்ஸ் கோர்ஸ், வேறு அட்டை போட்ட பி.சி.ஏ-தான். இன்னொரு தொந்தரவு, பின்னால் அரசுப் பணிக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது "இது கணினி அறிவியலுக்கு இணையானது" என்று அரசாணை தேடி அலையவேண்டி வரலாம். பழைய பெயருக்கு அந்த அலைச்சல் இல்லை.

கணினிப் படிப்பில் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் செமஸ்டரில் எல்லாரும் பாஸ். இரண்டாவது, மூன்றாவது செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சரும் துணைக் கணிதமும் சேர்ந்து வரும்போதுதான் அரியர் விழ ஆரம்பிக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ரெக்கார்டு நோட்டில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு புரோகிராமை மனப்பாடம் செய்து லேப் தேர்வை ஒப்பேற்றும் பழக்கம். லிங்க்ட் லிஸ்ட்டில் நடுவில் ஒரு நோடைச் சேர்க்கும்போது எந்தப் பாயிண்டரை முதலில் மாற்ற வேண்டும் என்பதை மனப்பாடம் செய்தால் அடுத்த கணக்குக்கு உதவாது. தினம் ஒரு மணி நேரம் சொந்தமாகத் தட்டச்சு செய்து, பிழை வந்து, அதைத் திருத்திப் பழகினால்தான் வரும். அதற்கு வீட்டில் லேப்டாப் வேண்டும். கல்லூரி லேபில் வாரத்துக்குக் கிடைக்கும் சில மணி நேரம் போதாது. 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி உள்ள பழைய மடிக்கணினியே முதல் இரண்டு வருடத்துக்குத் தாராளம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்றவற்றை ஓட்டும்போது 16 ஜிபி தேவைப்படும். லேப்டாப் வாங்க முடியாத நிலை என்றால், அந்தச் செலவையும் கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் பி.காமோடு ஒப்பிடுங்கள். பி.காமுக்கு முதல் வருடம் ஒரு கால்குலேட்டர் போதும்.

வேலைக்கு எடுக்க வருகிற நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. நேர்முகத்தன்று நிலுவை அரியர் இருக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. பிளஸ் டூவில் 55 சதவீதம் எடுத்த பிள்ளையை "கம்ப்யூட்டர் படி, கம்பெனியில் எடுப்பாங்க" என்று சேர்த்துவிடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. அவருக்குச் சிறிய நிறுவனங்கள், சொந்தமாகச் செய்து காட்டிய வேலை என்ற வழிதான் உண்டு. அது அடைபட்ட வழியும் இல்லை, ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

உள்ளூரில் இந்தப் படிப்புக்கு என்ன இருக்கிறது? தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ. கங்கைகொண்டானில் அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. அதற்கப்பால் திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் சிறிய நிறுவனங்கள். பெரும்பாலானவர்கள் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்றுதான் போகிறார்கள். வள்ளியூர், பணகுடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் டெக்னோபார்க் எவ்வளவோ கிட்டம். இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. ஜோஹோ நடத்தும் பயிற்சிப் பள்ளி, பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது, பட்டம் கேட்பதில்லை. பி.சி.ஏ-வுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் அதையும் ஒரு கை பார்க்கலாம். ஆனால் அங்கே பட்டம் கிடைக்காது. குரூப் 2 எழுதும் எண்ணம் மனதில் இருந்தால், தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு தவறான நம்பிக்கை. வங்கியில் ஐ.டி ஆபீசர் ஆகலாம் என்று சொல்லிக் கணினிப் பட்டத்தில் சேர்ப்பார்கள். அந்தப் பதவிக்குப் பொறியியல் பட்டமோ, எம்.சி.ஏ போன்ற முதுநிலையோ கேட்கிறார்கள். பி.சி.ஏ மட்டும் வைத்துக்கொண்டு பி.ஓ எழுதலாம், ஐ.டி ஆபீசர் தேர்வு எழுத முடியாது.

பி.காம்

ஐந்தில் மிகக் குறைவாகக் கதவடைக்கும் படிப்பு எது என்று கேட்டால் பி.காம். கணினி முதுநிலையில் சிக்கல் வரலாம், மற்றவை பெரும்பாலும் திறந்தே இருக்கும். சி.ஏ (ஆடிட்டர் படிப்பு), சி.எம்.ஏ (அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு), கம்பெனி செக்ரட்டரி, எம்.காம், எம்.பி.ஏ, சட்டம், வங்கி, வருமானவரித் துறைத் தேர்வுகள். வணிகவியல் முதுநிலை ஆசிரியர் ஆக வேண்டுமானால் பி.காம், எம்.காம், அதன்பின் பி.எட் என்ற வரிசை. ஆசிரியர் தேர்வு வாரியம் இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்கவேண்டும் என்று கேட்பதால், பி.பி.ஏ படித்துவிட்டு எம்.காம் முடித்தவருக்கு அங்கே சிக்கல்.

இந்தப் பக்கத்து வேலைகளுக்கும் இது பொருந்துகிறது. திருநெல்வேலி டவுன், வண்ணார்பேட்டையின் ஜவுளிக்கடை, நகைக்கடைகளின் கணக்கு, பாவூர்சத்திரம் காய்கறி மண்டிகள், செங்கோட்டை மரக்கடைகள், பாளையங்கோட்டையின் ஆடிட்டர் ஆபீஸ்கள். தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கஸ்டம்ஸ் புரோக்கர், சரக்கு ஏற்றுமதி அலுவலகங்கள் தனி உலகம். ஷிப்பிங் பில் (ஏற்றுமதி ஆவணம்), பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி ஆவணம்), சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ்.என் குறியீடு, சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளம் என்று கற்றுக்கொண்ட ஒரு பி.காம் பிள்ளைக்கு அங்கே இரண்டு வருடத்தில் மதிப்பு கூடிவிடும். இந்த வேலைகளில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், ஐ.டி சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் சோர்ந்துபோகும். ஆனால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற வேலை என்பதால் கையில் நிற்கும் பணத்தை ஒப்பிட வேண்டும். சென்னை விடுதி வாடகையைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பி.காம் மட்டும் போதாது என்பதும் உண்மை. வகுப்பில் வருகிற ஜி.எஸ்.டி தாள் சட்டத்தைச் சொல்லித் தரும். ரிட்டர்ன் போடச் சொல்லித் தராது. பிடித்தம் செய்த வருமானவரியை (டி.டி.எஸ்) 7-ம் தேதிக்குள் கட்ட வேண்டும், மாதாமாதம் தாக்கல் செய்கிற வியாபாரிக்கு விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதி என்று மாதம் ஓடுகிற ஓட்டம் ஆடிட்டர் ஆபீஸில்தான் புரியும். இரண்டாம் வருடத்திலிருந்து மாலையிலோ விடுமுறையிலோ ஓர் ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்காருகிற பிள்ளை, மூன்றாம் வருட முடிவில் டேலியில் பில் போடத் தெரிந்த நூறு பேரிலிருந்து விலகி நிற்கும். அங்கே கற்கவேண்டிய முதல் வேலை, ஜி.எஸ்.டி தளத்தில் நம் கணக்கில் வருகிற உள்ளீட்டு வரியையும் (கொள்முதலில் நாம் கட்டிய வரி) நம் கொள்முதல் பதிவையும் ஒத்துப்பார்ப்பது. எக்ஸெல்லில் வி-லுக்கப், பிவட் டேபிள் இரண்டும் கைவந்தால் இந்த வேலை பாதி நேரத்தில் முடியும்.

அறிவியல் குரூப்பிலிருந்து பி.காமுக்கு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணக்குப்பதிவியல் பள்ளியில் படிக்காமல் வருவது தடையில்லை. ஆனால் முதல் செமஸ்டர் ஆசிரியர் பேரேடும் (லெட்ஜர்) இருப்பாய்வும் (டிரயல் பேலன்ஸ்) எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவார். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சேர்க்கைக்கும் வகுப்புத் தொடங்குவதற்கும் இடையில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், தேய்மானம், இறுதிக் கணக்குகள் ஆகிய பாடங்களின் கணக்குகளை நோட்டில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். படித்தால் போதாது, போட வேண்டும். சரிக்கட்டுப் பதிவுகள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் ஏன் வருகிறது என்று பிடிபட்டால் முதல் வருடம் பயமில்லை. இதை விட்டவர்கள் இரண்டாம் வருட நிறுமக் கணக்கியலில் (கம்பெனிக் கணக்கு) நிறுமங்களின் இணைப்பு, ஈர்ப்புக் கணக்குகள் வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். வணிகவியல் துறையில் அரியர் அதிகம் விழும் இடங்களில் அதுவும் அடக்கவிலைக் கணக்கியலும் உண்டு.

சி.ஏ எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. பிளஸ் டூ முடித்ததும் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம்: நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம், கொள்குறித் தாள்கள் இரண்டில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அல்லது பி.காமில் 55 சதவீதம் எடுத்து ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட் போகலாம். வணிகவியல் சாராத பட்டத்துக்கு 60 வேண்டும். 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் இருந்து பெறும் வேலைப் பயிற்சி) மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. கல்லூரிக்கு 75 சதவீத வருகை வேண்டும். ஆர்டிகிள்ஷிப்போ முழுநாள் வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது என்பது சேர்ந்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. ஃபவுண்டேஷன் தேறியவர்கள் ரெகுலர் கல்லூரியில் இருந்தபடி இன்டர்மீடியட் குரூப்புகளை எழுதி, பட்டம் முடிந்தபின் ஆர்டிகிள்ஷிப் போவதே நிதானமான வழி. சி.ஏ தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ அமைப்பின் கிளை திருநெல்வேலியிலேயே இருப்பதால் பதிவுக்கும் பயிற்சி வகுப்புக்கும் மதுரைக்கு ஓட வேண்டாம்.

பி.காம் சி.ஏ

பெயர்ப்பலகையில் 'பி.காம் சி.ஏ' என்று பார்த்துவிட்டு ஆடிட்டர் படிப்பு என்று நினைத்துச் சேர்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கணினிப் பயன்பாடு. பி.காம் தாள்களில் சிலவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கைந்து கணினித் தாளும் அவற்றின் லேபும் வைத்த படிப்பு. எதை எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. தணிக்கையியலோ வருமானவரியோ குறைந்திருந்தால் அது பி.காமின் எலும்பை உருவிய மாதிரி. கணினித் தாள்களில் கற்பது ஐ.டி நிறுவனத்தில் புரோகிராமர் வேலைக்குப் போதாது. கணக்கு அலுவலகத்தில் தேவையான டேலியும் எக்ஸெல்லும் வெளியே சில மாதத்தில் கற்கக்கூடியவை. சாதாரண பி.காம் கிடைக்காதபோது எடுக்கலாம். இரண்டும் கிடைக்கும்போது இதை எடுக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

பி.பி.ஏ

மேலாண்மைக் கோட்பாடு, சந்தைப்படுத்தல், மனிதவளம், நிதி மேலாண்மை, உற்பத்தி மேலாண்மை என்று எல்லாவற்றிலும் ஒரு முழம் தொட்டுச் செல்லும் படிப்பு. சுமை குறைவு. கணக்கும் புள்ளியியலும் ஒன்றிரண்டு தாளோடு நின்றுவிடும். சிக்கல் எம்.பி.ஏ-வில் தெரியும்: முதல் வருட எம்.பி.ஏ தாள்கள் கிட்டத்தட்ட பி.பி.ஏ-வையே திரும்ப நடத்துகின்றன. எம்.பி.ஏ-வுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால், எம்.பி.ஏ குறிக்கோள் உள்ளவருக்கு பி.காமோ பி.எஸ்சி கணினியோதான் கூடுதல் பலம். பி.பி.ஏ மட்டும் முடித்து வெளியே வருகிற பிள்ளைக்கு இந்த வட்டாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதி, நிதி நிறுவனங்களில் கடன் வசூல், ஷோரூம் வேலை.

யாருக்குப் பொருந்தும்? வீட்டில் ஓடுகிற தொழில் இருந்து, பட்டம் முடிந்ததும் அப்பாவின் கடையிலோ லாரி ஆபீஸிலோ உட்காரப் போகிறவருக்கு. அவருக்குக்கூட ஜி.எஸ்.டி-யும் கணக்கும் தனியாகக் கற்றுத் தரவேண்டும். போட்டித் தேர்வுக்கு முதல் நாளிலிருந்தே படிக்க உட்காரும் பிள்ளைக்கும் பரவாயில்லை.

பி.இ-யோடு ஒப்பிட்டால்

பெற்றோர் மனதில் இந்த ஒப்பீடு எப்போதும் ஓடும். ஒரு வருடம் கூடுதல், செலவு கூடுதல், கதவுகள் கூடுதல். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். பி.சி.ஏ-வுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளை அந்தக் கவுன்சலிங்கைப் பார்க்காமல் சுயநிதி பி.சி.ஏ-வுக்குப் பணம் கட்டுவது, இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாத் தவறுகளிலும் விலை கூடியது.

கட்டணம்: எய்டடா, சுயநிதியா

ஒரே கல்லூரி, ஒரே வளாகம், ஒரே பட்டம். கட்டணம் மட்டும் பல மடங்கு மாறும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பழைய துறைகள் எய்டட் பிரிவில், அதாவது அரசு உதவியோடு குறைந்த கட்டணத்தில் நடக்கும் பிரிவில் இருக்கும். பின்னால் தொடங்கியவை சுயநிதி. கணினியும் பி.பி.ஏ-வும் பெரும்பாலும் பின்னால் வந்தவை என்பதால் சுயநிதியில்தான் அதிகம், பி.காம் இரண்டிலும் இருப்பதுண்டு. ஆகவே "இந்தக் கல்லூரியில் பி.காம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எய்டட் பி.காமில் இடம் இருக்கிறதா, காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது?" என்று கேளுங்கள். எய்டட் பட்டியல் நகர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் பயந்துபோய்ச் சுயநிதியில் கட்டிவிடுகிறார்கள்.

ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, சுரண்டை காமராஜர் அரசுக் கலைக் கல்லூரி போன்றவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. மற்ற கட்டணங்கள் மட்டும் சிறு தொகை. இவற்றுக்கான சேர்க்கை அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ (TNGASA) இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் நடக்கும். மொழிப்பாடங்கள் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் இந்தக் கோர்ஸ்களுக்குத் தரவரிசை. தமிழில் 98 எடுத்தது இங்கே உதவாது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. எந்தக் கோர்ஸானாலும் கிடைக்கும். பணம் வராமல் போவதற்கு வழக்கமான காரணம், வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், ஆனால் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கு இணைக்கப்பட்டிருக்காது. வங்கியில் போய் "டி.பி.டி-க்கு ஆதார் சீடிங்" என்று சொல்லித் தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும். பள்ளியில் வாங்கிய எமிஸ் எண்ணையும் (பள்ளி மாணவர் பதிவு எண்) கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து யுமிஸ் எண் (கல்லூரி மாணவர் பதிவு எண்) உருவானதா என்று பாருங்கள். கல்வி உதவித்தொகைகளும் அதில்தான் தொங்குகின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டுவைப்பது நல்லது. முடிவு வந்த வாரத்தில் எல்லாரும் போடுவார்கள், வி.ஏ.ஓ-வின் ஒப்புதலுக்கே நாள் ஓடிவிடும்.

சுயநிதிக் கல்லூரியில் இடத்தைப் பிடித்துவைக்க முன்பணம் கேட்டால், ரசீதில் எந்தத் தலைப்பில் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு யு.ஜி.சி விதி இருக்கிறது; அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரச் சொல்லுங்கள். டி.சி-யை (மாற்றுச் சான்றிதழ்) மட்டும் கடைசியில் எந்தக் கல்லூரி என்று உறுதியான பிறகு கொடுப்பது உத்தமம். டி.சி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் அரசுக் கல்லூரியின் இரண்டாம் கலந்தாய்வில் பெயர் வந்தும் சேர முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒரு வேலை நாளில் மதியத்துக்கு மேல் போங்கள். கணினித் துறை என்றால் லேபில் எத்தனை கணினி ஓடுகிறது, ஒன்றுக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். வணிகவியல் என்றால் மூன்றாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் நிறுமக் கணக்கியலை யார் நடத்தினார், எத்தனை பேர் பாஸ் என்று கேளுங்கள். இரண்டாம் ஷிப்ட் வகுப்பு என்றால் முடியும் நேரத்தைக் கேட்டு, அதற்குப் பிறகு உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். களக்காடு, திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று வருடமும் கடைசி வகுப்பைப் பாதியில் விட்டு ஓடுவது இதைப் பார்க்காததால்தான்.